கூழாங்கல்: ஒரு பையன் வச்சிருந்த கணக்கு

நான் ஆலங்குளத்துக்காரன். தென்காசிப் பக்கம் இருக்கிற ஆலங்குளம் இல்ல. விருதுநகர் மாவட்டத்துல, சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம்.

இன்னைக்குப் பேசப்போறது பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' பத்தி. 2021-ல ராட்டர்டாம் விழாவுல டைகர் விருது வாங்குச்சு. அந்த வருஷம் இந்தியா ஆஸ்கருக்கு அனுப்புனதும் இதுதான். மொத்தமே ஒன்னேகால் மணி நேரம். மேலூர் பக்கத்துப் பொட்டல்ல, கொளுத்துற வெயில்ல எடுத்த படம்.

குடிகாரன் கணபதி. கோவிச்சுக்கிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டிவர, பள்ளிக்கூடத்துல இருந்து மகன் வேலுவை இழுத்துட்டுப் போறான். அங்க அவ இல்ல, ஊருக்குக் கிளம்பிட்டா. திரும்புறதுக்கு வச்சிருந்த பஸ் காசை வேலு கிழிச்சுப் போட்டுடுறான். அப்பன் சீக்கிரம் போய்ச் சேர்ந்தா அம்மாவுக்குத்தானே அடி விழும்? அதனால ரெண்டு பேரும் நடக்குறாங்க. இயக்குநரோட சகோதரி கைக்குழந்தையோட இப்படி நடந்து வந்த சம்பவம்தான் படத்துக்கு விதை.

தாகத்துக்கு வேலு ஒரு கூழாங்கல்லை வாயில போட்டுக்குறான். வீட்டுக்கு வந்து அதை வைக்கிற இடத்துல, ஏற்கெனவே கல்லு குவிஞ்சு கிடக்கு. வசனமே இல்ல. அப்போ இந்த நடை இது எத்தனாவது தடவை?

எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்துச்சு. விடியுமுன்னே வேன் ஏறி பயர் ஆபீசுக்கு சரம் பின்னப் போவாங்க. எங்க பக்கம் விபத்து புதுசில்ல. 2012-ல முதலிப்பட்டியில 30 பேருக்கு மேல, 2021-ல அச்சங்குளத்துல 20 பேருக்கு மேல செத்தாங்க. கொஞ்ச நாள்ல திரும்பவும் வேன் வரும், அம்மா ஏறுவாங்க. "உங்க ஊர்க்காரங்களுக்கு என்னா தைரியம்!"னு சென்னையில நண்பர்கள் சொல்லுவாங்க. நானும் பெருமையா தலையாட்டிருக்கேன்.

ஒருநாள் அம்மாகிட்டயே கேட்டேன், "பயமா இல்லையாம்மா?"

"பயந்தா சோறு யாருடா போடுவா?"

அது தைரியம் இல்ல மக்களே, வேற வழி இல்லாதது. தாங்கிக்கிறவங்களைப் பாராட்டுறது நமக்கு ரொம்ப வசதி. ஏன் தாங்கணும்னு அப்புறம் கேட்க வேண்டியதில்லை பாருங்க. இந்தப் படம் யாரையும் பாராட்டல. வேலு சேர்த்து வச்ச கல்லைக் காட்டிட்டு நகர்ந்துடுது.

பாருங்க. பார்த்துட்டு, உங்க வீட்டுல யார் இப்படிக் கல்லு சேர்த்து வச்சிருக்காங்கன்னு கொஞ்சம் யோசிங்க.