பசித்த பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்காதீர்கள்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்புச் சகோதரர்களே! வியாபார நேரத்தில் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே!

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நம் சமுதாயப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் ஒரு தனியார் பள்ளியில் மதிய உணவுக்கு மாதக் கட்டணம் வைத்தார்கள். கட்ட முடியாத குடும்பங்கள் நாற்பதுக்கும் மேல். நான்தான் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அல்ஹம்துலில்லாஹ், இரண்டே வாரத்தில் ஒரு வருடத்துக்கான பணம் சேர்ந்துவிட்டது. அதோடு விட்டேனா? மேடை போட்டேன். பட்டியலைக் கையில் எடுத்தேன். பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், தெருப்பெயர் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் வாசித்து, ஒவ்வொருவராக அழைத்து உறை கொடுத்தேன். போட்டோவும் எடுத்தோம்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் மேடைக்கு வரவில்லை. மறுநாள் அவளுடைய தகப்பனார் என் வீட்டு வாசலில் நின்றார். தள்ளுவண்டியில் பழம் விற்பவர். "ஹஜ்ரத், பணம் தந்தவங்க நல்லா இருக்கட்டும். எம்புள்ள இனிமே வீட்டுலேருந்தே சோறு கொண்டு போகும்" என்றார். அந்த டப்பாவில் பல நாள் என்ன இருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தலைகுனிந்து நின்றேன்.

அதற்குப் பிறகுதான், பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் எப்படி வழி செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இங்கிலாந்து.

பிராட்ஃபோர்டு என்ற ஊரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1989 ஜனவரியில் ருஷ்டியின் நூலை நம் சகோதரர்கள் தெருவில் எரித்த ஊர். ஆனால் அந்த ஊருக்கு அதைவிடப் பழைய பெருமை ஒன்று உண்டு. கம்பளி ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பள்ளியிலேயே சோறு போட வேண்டும் என்று போராடிய ஊர் அது. போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்கள் பலர் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏழைப் பிள்ளை பசித்தபோது அசையாதவர்கள், பட்டாளத்துக்கு ஆள் கிடைக்காதபோது அசைந்தார்கள்! 1906-இல் பள்ளி உணவுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே பிராட்ஃபோர்டில் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்து எடை பார்த்தார்கள். சாப்பாடு போட்ட வாரங்களில் எடை ஏறியது. விடுமுறை விட்டதும் இறங்கியது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

அதே ஊரில் பிற்காலத்தில் நம்மவர்கள் குடியேறினார்கள். பள்ளியில் உணவு உண்டு. ஆனால் இறைச்சி ஹலால் இல்லை. இலவச உணவுக்கு உரிமை பெற்ற பிள்ளைகூட பாதித் தட்டை ஒதுக்க வேண்டிய நிலை. 1983-இல் மாநகராட்சி ஹலால் உணவு கொடுக்கத் தொடங்கியது. எதிர்ப்பு கிளம்பியது. பெற்றோர் வீதிக்கு வந்தார்கள். 1984 மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்து, ஹலால் உணவு தொடரும் என்று முடிவானது. பிள்ளை வாயில் வைக்க முடியாத உணவைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததாகக் கணக்கு எழுத முடியாது என்று அந்தப் பெற்றோர் நிலைநாட்டினார்கள்.

இனி பணத்துக்கு வருவோம். நீங்கள் வியாபாரிகள், கணக்குப் போடுங்கள். இங்கிலாந்தில் 2014 முதல் சின்ன வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் மதிய உணவு இலவசம். அதற்கு மேல் வகுப்புகளில் ஏழைக்கு இலவசம், மற்றவருக்குக் கட்டணம். யார் ஏழை? அரசின் உதவித்தொகை வாங்கும் குடும்பமாக இருந்தாலும், வரி போக வருடச் சம்பாத்தியம் 7,400 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு பவுண்டு கீழே சம்பாதிக்கும் தாய் விண்ணப்பித்தால், பிள்ளைக்குச் சாப்பாடு இலவசம். ஒரு பவுண்டு மேலே சம்பாதிக்கும் பக்கத்து வீட்டுத் தாய் விண்ணப்பித்தால், இல்லை. ஒரு வேளைக்கு இரண்டரைப் பவுண்டு என்றே வையுங்கள். வருடத்தில் 190 பள்ளி நாட்கள். மூன்று பிள்ளைகள். 1,425 பவுண்டு! ஒரு பவுண்டு கூடுதலாகச் சம்பாதித்ததற்கு இது தண்டனையா இல்லையா? கடைசியில் 2025 ஜூனில், அந்தக் கோட்டை 2026 செப்டம்பரில் எடுத்துவிடுவதாக அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவே 2020-இல் கொரோனா வந்தது. மார்கஸ் ராஷ்ஃபோர்ட் என்ற கால்பந்து வீரர், சிறுவயதில் இலவச உணவு சாப்பிட்டு வளர்ந்தவர், விடுமுறையிலும் பிள்ளைகளுக்கு உணவு வேண்டும் என்று கேட்டார். ஜூனில் அரசு இறங்கி வந்தது. அக்டோபரில் நாடாளுமன்றம் கைவிரித்தது. அப்போது முன்னால் வந்தவர்கள் யார் தெரியுமா? கடைக்காரர்கள்! ஊரடங்கில் தாங்களே நஷ்டப்பட்டிருந்த சிறு உணவகங்களும் டீக்கடைகளும், விடுமுறை வாரத்தில் பிள்ளைகளுக்கு இலவச உணவு என்று அறிவித்தன. 'பசிக்கிறதா, வா' என்பதுதான் பேச்சு. நவம்பரில் அரசு மீண்டும் பணம் ஒதுக்கியது. வணிகப் பெருமக்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் டவர் ஹாம்லெட்ஸ் என்ற பகுதி இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள்; பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்து போனவர்கள். அந்த உள்ளாட்சி 2023 செப்டம்பரில், பதினாறு வயது வரை எல்லா மாணவருக்கும் உணவு இலவசம் என்றது. அதே மாதம் லண்டன் மேயர் சாதிக் கான், நகரின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் இலவச உணவு கொண்டுவந்தார். ஏழைக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். டாக்டர் மகனும் டாக்ஸி ஓட்டுபவர் மகனும் ஒரே வரிசை. பணக்காரப் பிள்ளைக்கு ஏன் இலவசம் என்று அங்கேயும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முன்பு அங்கே பல பள்ளிகளில் இலவசப் பிள்ளைக்கு ஒரு நிறச் சீட்டு, காசு கொடுத்த பிள்ளைக்கு வேறு நிறச் சீட்டு. உரிமை இருந்தும் அந்தச் சீட்டைக் கையில் பிடிக்கக் கூசிப் பட்டினி கிடந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

நமக்கு இது புதிதல்ல. நான் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம். மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவோம். வருமானச் சான்றிதழ் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் உட்கார மாட்டார்கள், கேலியும் பேசுவார்கள்; அதையும் மறைக்கவில்லை. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளும் இதில் அடக்கம். நிர்வாகிகள் சமையல் கூடத்துக்கு வாரம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

ஆனால் நாம் ஆசைப்பட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் மெட்ரிக் பள்ளிகளுக்கு, சுயநிதிப் பள்ளிகளுக்கு இந்தச் சோறு வராது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோர்தான் சாப்பாட்டுக் கட்டணத்தில் தடுமாறுகிறார்கள். என்னுடைய பழ வியாபாரியும் அவர்களில் ஒருவர்தான்.

அதனால் நான் கேட்பது இதுதான். பணத்தை எந்தப் பிள்ளையின் கையிலும் கொடுக்காதீர்கள். பள்ளியின் உணவுக் கணக்கில் மொத்தமாகக் கட்டிவிடுங்கள். யாருக்குத் தேவை என்பது ஒரே ஒருவருக்குத் தெரிந்தால் போதும்; தலைமை ஆசிரியரோ, நம்பிக்கையான ஒரு ஆசிரியையோ. கொடுத்தவருக்கு ரசீது உண்டு, பட்டியல் கிடையாது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே டோக்கன், ஒரே வரிசை, ஒரே சாப்பாடு. முடிந்த இடத்தில் கட்டணத்தையே எல்லாருக்கும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். மீதியை நாம் ஏற்போம். ஜகாத்தில் இது சேருமா, ஸதகாவாகத்தான் கொடுக்க வேண்டுமா என்ற மஸ்அலாவை ஆலிம்களிடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு அதுவல்ல.

இளைஞர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகள் மதியம் வெறும் தண்ணீர் பாட்டிலோடு உட்காருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அந்த ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

பள்ளி திறக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வருகிற ஞாயிறு அஸருக்குப் பின் மதரஸா மாடியில் உட்காருவோம். மூன்று பள்ளிகளின் உணவுக் கணக்கை வாங்கி வைத்திருக்கிறேன். செக் புத்தகத்தோடு வாருங்கள். போட்டோகிராபர் வேண்டாம்.