பந்தைக் கைமாற்றிய பிறகு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "அண்ணே, நீங்க காலேஜ் டீமில் ஆடினவர். அப்புறம் வங்கியில் ஆட்களைத் தேர்வு செய்யும் வேலையும் பார்த்தவர். பத்துப் பதினைந்து நிமிஷம் பேசணும். ஆனா அட்வைஸ் மட்டும் வேண்டாம், பசங்க எழுந்து போயிடுவாங்க" என்றார். முன்னாள் மாணவனிடம் அட்வைஸ் செய்யாதே என்பது, கல்யாண வீட்டில் சாப்பிடாதே என்பது போல! சரி, கட்டுப்படுகிறேன். என் கதையை விட்டுவிட்டு அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் பெயர் ஜெர்ரி வெஸ்ட்.

அதற்கு முன் ஒரு கேள்வி. நன்றாக வேலை செய்கிற ஒருவரை, மற்றவர்களைக் கொண்டு வேலை வாங்குகிற நாற்காலியில் உட்கார வைத்தால், அதையும் அவர் நன்றாகச் செய்வாரா? இந்த அரங்கில் கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜர் ஆனவர்கள் இருக்கிறீர்கள். வகுப்பறையிலிருந்து தலைமையாசிரியர் அறைக்குப் போனவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. விளையாட்டில் இதற்கான பதில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஸ்கோர் போர்டில் எழுதப்பட்டுவிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெர்ரி வெஸ்ட் 1938-இல் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதியில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் ஐந்தாமவர். அண்ணன் டேவிட் 1951-இல் கொரியப் போரில் இறந்தபோது இவருக்கு வயது 13. அந்த வீட்டின் துக்கத்திலிருந்து தப்பித்துப் போக அவருக்கு இருந்த ஒரே இடம், பக்கத்து வீட்டுக் கொட்டகையில் அடித்திருந்த ஒரு வளையம். மழையோ பனியோ, தனியாக நின்று பந்தை எறிந்துகொண்டே இருந்தார்.

அந்தக் கை அவரை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. 1959-இல் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டம். கலிபோர்னியாவிடம் 71-70 என்று ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. ஆனாலும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் வெஸ்ட்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் வாழ்க்கை முழுக்க இதே கதைதான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். அதே ஆண்டு தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியில் சேர்ந்தார்.

அங்கே 14 ஆண்டுகள் ஆடினார். மொத்தம் 25,192 புள்ளிகள். சராசரி ஆட்டத்துக்கு 27. நெருக்கடியான நேரத்தில் பந்தை இவரிடம் கொடுத்தால் போதும் என்று பெயர். என்.பி.ஏ. அமைப்பின் சின்னத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் ஓர் உருவம் இருக்கிறதே, அதை வரைந்த ஆலன் சீகல், வெஸ்டின் புகைப்படத்தைப் பார்த்துத்தான் வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு இருந்தும் ஒன்பது முறை இறுதிப் போட்டிக்குப் போய் எட்டு முறை தோற்றார். அதில் ஆறு முறை ஒரே அணியிடம், பாஸ்டன் செல்டிக்ஸிடம். 1969-இல் ஏழாவது ஆட்டம் சொந்த ஊரிலேயே நடந்தது. ஜெயித்தவுடன் கொட்டுவதற்காக அரங்கின் கூரையில் பலூன்களை அடைத்து வைத்திருந்தார்கள். காலில் காயத்தோடு ஆடிய வெஸ்ட் 42 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸ் 108-106 என்று தோற்றது. பலூன்கள் மேலேயே இருந்துவிட்டன. அந்த ஆண்டுதான் இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கு முதன்முதலாக விருது கொடுத்தார்கள். அது வெஸ்டுக்குக் கிடைத்தது. தோற்ற அணியிலிருந்து அந்த விருதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். பரிசாக ஒரு கார். அதன் நிறம் என்ன தெரியுமா? பச்சை. பாஸ்டன் அணியின் நிறம்! வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதுதான்.

கடைசியில் 1972-இல் ஒரே ஒரு முறை கோப்பை கிடைத்தது. அந்தப் பருவத்தில் லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டங்களில் ஜெயித்தது. 1974-இல் ஓய்வு பெற்றார்.

இனிமேல்தான் நம் கதை. 1976-இல் அவரை லேக்கர்ஸ் பயிற்சியாளராக ஆக்கினார்கள். மூன்று ஆண்டுகளில் 145 வெற்றி, 101 தோல்வி. யாரும் குறை சொல்ல முடியாத கணக்கு. ஆனால் கோப்பை வரவில்லை, அவருக்கும் அந்த வேலை ஒத்துவரவில்லை. தன்னால் முடிந்தது அடுத்தவனால் ஏன் முடியவில்லை என்ற எரிச்சல், பெரிய ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரானால் வருகிற வியாதி. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் கணக்கு வாத்தியாராக வந்தால் என்ன ஆகும் என்று நம்மில் பலருக்கு அனுபவம் உண்டு. (முன் வரிசையில் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

1979-இல் பயிற்சியாளர் பொறுப்பை விட்டார். அதன்பின் அவர் பார்த்த வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆள் தேடும் வேலை. ஆங்கிலத்தில் ஸ்கவுட் என்பார்கள். ஊர் ஊராகப் போய், கல்லூரி அரங்கங்களில் உட்கார்ந்து, பையன்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். சின்னத்திலேயே உருவம் இருக்கிற மனிதர், கையில் பந்து இல்லாமல், வாயைத் திறக்காமல், மூன்று ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். புள்ளி எடுப்பவனை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். பந்து தன்னிடம் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான்? தோற்றுக்கொண்டிருக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கிறது? உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத்தான் அதெல்லாம் தெரியும். 1982-இல் அவர் ஜெனரல் மேனேஜர் ஆனார்.

அமெரிக்காவில் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கின்றன. பொதுவாகத் தோற்ற அணிகளுக்கு முன்னிடம், ஜெயித்த அணிகளுக்குப் பின்னிடம். நல்ல பெயர்களெல்லாம் முதலிலேயே போய்விடும். லேக்கர்ஸ் ஜெயித்துக்கொண்டிருந்த அணி. பந்தி முடிந்த பிறகு இலை போட்ட கதைதான். அந்த மிச்சத்திலிருந்து 1985-இல் 23-ஆவது ஆளாக ஏ.சி. கிரீனை எடுத்தார் வெஸ்ட். கிரீன் பின்னாளில் தொடர்ச்சியாக 1,192 ஆட்டங்கள் ஆடி என்.பி.ஏ. சாதனை படைத்தார். 1989-இல் 26-ஆவது ஆளாக யுகோஸ்லாவியாவிலிருந்து விளாடே டிவாச்சை எடுத்தார். டிவாச் பிற்காலத்தில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

எடுப்பது ஒரு பாதி என்றால், விடுவது மறு பாதி. 1983-இல் நார்ம் நிக்ஸன் என்ற ஆட்டக்காரரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, அதுவரை தொழில்முறை ஆட்டமே ஆடியிராத பைரன் ஸ்காட்டை வாங்கினார். நிக்ஸன் இரண்டு கோப்பைகள் ஜெயித்த அணியில் இருந்தவர், ரசிகர்களுக்குச் செல்லப்பிள்ளை. ஊரே திட்டியது. ஆனால் 1985, 1987, 1988 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஸ்காட் ஆடிய லேக்கர்ஸ் கோப்பை வென்றது. 1985-இல் தோற்கடித்தது யாரைத் தெரியுமா? பாஸ்டனை! ஆட்டக்காரராக ஆறு முறை முட்டி மோதியும் சாயாத மதில், மேலாளராக இருக்கும்போது சாய்ந்தது.

1996-இல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த 17 வயதுப் பையன் ஒருவனை, ஓய்வு பெற்ற லேக்கர்ஸ் வீரர் மைக்கேல் கூப்பருக்கு எதிராக ஆடவிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே, போதும், பார்த்தாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார். அந்தப் பையன் கோபி பிரையன்ட். அவனைப் பெறுவதற்காக, தானே தேடி எடுத்து வளர்த்த டிவாச்சை சார்லட் அணிக்குக் கொடுத்தார். அதில் மிச்சமான சம்பளப் பணமும் உதவ, அதே கோடையில் ஷகீல் ஓ'நீலையும் கொண்டுவந்தார். கோபி ஒப்பந்தத்தில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, அவ்வளவு சின்ன வயது! 2000, 2001, 2002 மூன்று ஆண்டுகளும் கோப்பை அந்த அணிக்குத்தான். முதல் கோப்பை வந்த 2000-ஆம் ஆண்டிலேயே வெஸ்ட் லேக்கர்ஸை விட்டு விலகிவிட்டார்.

"பெரிய ஊர், பணக்கார அணி, யார் வேண்டுமானாலும் செய்வார்கள்" என்று சொல்லலாம். 2002-இல் அவர் போன இடம் மெம்பிஸ். முந்தைய பருவத்தில் 82 ஆட்டங்களில் 23-இல் மட்டும் ஜெயித்த அணி. 1986-க்குப் பிறகு பயிற்சியாளராக இல்லாத, 69 வயதான ஹூபி பிரவுனைக் கூட்டிவந்தார். எல்லோரும் சிரித்தார்கள். 2003-04 பருவத்தில் அந்த அணிக்கு 50 வெற்றி. ஹூபி பிரவுன் சிறந்த பயிற்சியாளர், வெஸ்ட் சிறந்த நிர்வாகி, இரண்டு விருதும் மெம்பிஸுக்கு வந்தன. பிறகு 2011 முதல் 2017 வரை கோல்டன் ஸ்டேட் அணிக்கு ஆலோசகர். 40 ஆண்டுகளுக்குப் பிறகு 2015-இல் அந்த அணி கோப்பை வென்றது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மைக்கேல் ஜோர்டன் ஆறு கோப்பைகள் ஜெயித்தவர். வெஸ்டைவிடப் பெரிய ஆட்டக்காரர் என்றே பலரும் சொல்வார்கள். 2000-இல் வாஷிங்டன் அணியின் நிர்வாகப் பொறுப்புக்கு நேராக வந்தார். 2001-இல் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. அவரும் பள்ளிக்கூடத்துப் பையனைத்தான் எடுத்தார். அந்தப் பையன் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. 2003-இல் ஜோர்டன் வெளியேற வேண்டியதாயிற்று. பின்னர் அவர் உரிமையாளராக இருந்த சார்லட் அணி 2011-12 பருவத்தில் 7 வெற்றி, 59 தோல்வி என்று, வெற்றி விகிதத்தில் என்.பி.ஏ. வரலாற்றிலேயே கடைசி இடம் பிடித்தது. ஜோர்டனைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? அதிர்ஷ்டமும் இதில் உண்டு. வெஸ்ட் எடுத்த எல்லோருமே மின்னிவிடவில்லை. ஆனால் வெஸ்டுக்குக் கிடைத்த அந்த மூன்று ஆண்டு பெஞ்சு, ஜோர்டனுக்குக் கிடைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். செய்யத் தெரிவது ஒரு வித்தை, செய்யக்கூடியவனைப் பார்க்கத் தெரிவது வேறொரு வித்தை. முதலாவது நன்றாக வந்துவிட்டது என்பதற்காக இரண்டாவது தானாக வராது. அதைத் தனியாகக் கற்க வேண்டும், அதுவும் வாயை மூடிக்கொண்டு. பதவி உயர்வு வந்த நாளே நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் நம்மில் எத்தனை பேர், கீழே வேலை செய்கிறவர்களை ஆறு மாதம் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்?

அந்த வித்தைக்கு ஒரு விலையும் உண்டு. பெரிய ஆட்டங்களின்போது வெஸ்டால் அரங்கில் உட்கார முடியாது. வெளியே போய் வண்டி நிறுத்துமிடத்தில் நடப்பார், அல்லது காரை எடுத்துக்கொண்டு எங்காவது சுற்றுவார். ஆட்டக்காரனாக இருந்தபோது கடைசி நொடியில் பந்து அவர் கையில் இருந்தது. மேலாளரான பிறகு எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, அடுத்தவன் கையை நம்பிக் காத்திருக்க வேண்டும். பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் தகப்பனுக்கு இது புரியும்.

2024 ஜூன் 12-ஆம் தேதி, 86-ஆவது வயதில் ஜெர்ரி வெஸ்ட் காலமானார். புகழ் மண்டபத்தில் ஆட்டக்காரராக 1980-இலேயே இடம் பெற்றிருந்தார். ஒலிம்பிக் அணியில் ஒருவராக 2010-இல் மறுபடியும். ஆட்டத்துக்கு அவர் ஆற்றிய பணிக்காக 2024-இல் மூன்றாம் முறை. அந்த மூன்றாவது பெருமை, அவர் பந்தைத் தொடாமல் சம்பாதித்தது.

தம்பி தங்கைகளே, உங்களில் முதல் பெயராகக் கூப்பிடப்படுகிறவர்கள் சில பேர்தான். 23-ஆவதாக, 26-ஆவதாகக் கூப்பிடப்படுகிறவர்களே அதிகம். அதற்காக மனம் தளராதீர்கள், ஆட்டம் அதற்குப் பிறகும் நடக்கிறது. நண்பர்களே, அந்த 26-ஆவது பெயரைக் கூப்பிடும் இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பது நாம். இன்டர்வியூ அறையிலும், அட்மிஷன் மேஜையிலும் நம் முன்னால் வந்து நிற்கிறவனைக் கொஞ்சம் நின்று, நிதானமாகப் பார்ப்போம்.

அட்வைஸ் வேண்டாம் என்றார் செயலாளர். கடைசியில் ரெண்டு வரி வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.