முதுகு சுமக்கும் கணக்கு

(அறக்கட்டளை அரங்கில் நடந்த மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. மதரஸாவில் ஓதிவிட்டு, பிறகு கல்லூரியில் விலங்கியல் படித்தவன். இன்றைக்கு முதுகைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் நம்மிடம் வரும் மருத்துவ உதவி மனுக்கள்தான். சர்க்கரை, பிரஷருக்கு அடுத்தபடியாக என் மேசைக்கு வருவது குறுக்கு வலி. ஸ்கேனுக்குப் பணம், பெல்ட்டுக்குப் பணம், ஊசிக்குப் பணம் என்று கேட்கிறார்கள். கொடுக்கிறோம். ஆறு மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து அதே வலிக்கு இன்னொரு மனு வருகிறது.

எனக்கும் அந்த வலி வந்தது. போன ரமலானுக்கு முன்னால் அரிசி மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்கும்போது, தம்பிகள் வருவதற்குள் நானே ஒன்றைத் தூக்கிவிடலாம் என்று நினைத்தேன். ஐம்பதைத் தாண்டியவனுக்கு அந்த நினைப்பு வரக் கூடாது. குனிந்தவன் நிமிர முடியவில்லை. பத்து நாள் படுத்தே கிடந்தேன். படுத்தது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதுகுத் தசைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மேல் அடுக்கில் இரண்டு பெரிய தசைகள். பின்னந்தலையில் தொடங்கி, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, முதுகின் நடுப்பகுதிக்குக் கீழ்வரை இறங்குவது டிரபீசியஸ். தோளை உயர்த்துவதும் பின்னால் இழுப்பதும் அதன் வேலை. அதற்குக் கீழே, இடுப்பிலிருந்து விசிறிபோல் விரிந்து மேற்கை எலும்பில் போய் முடிவது லாட்டிசிமஸ். லத்தீன் மொழியில் 'மிக அகலமானது' என்று பொருள். கிணற்றில் வாளி இழுத்த நம் உம்மாமார்களுக்கு இந்தத் தசை பெயர் தெரியாமலே பழக்கம். உண்மையில் இவை இரண்டும் முதுகில் கிடந்தாலும் கைக்கும் தோளுக்கும் உழைப்பவை. நடு அடுக்கில் விலா எலும்போடு ஒட்டிய மெல்லிய தகடுகள் சில உண்டு, அவற்றை விட்டுவிடுவோம்.

நம்மை நிமிர்த்தி வைப்பது ஆழத்தில் இருக்கும் அடுக்கு. முதுகெலும்பின் இருபுறமும் கயிறு முறுக்கியதுபோல் இடுப்பிலிருந்து கழுத்துவரை ஓடும் தசைத் தொகுதிக்கு இரெக்டர் ஸ்பைனே என்று பெயர். கண்ணாடியில் முதுகைப் பார்த்தால் நடுப்பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் மேடாகத் தெரிவது அதுதான். அதற்கும் அடியில், ஒரு முள்ளெலும்பை அடுத்தடுத்த முள்ளெலும்புகளோடு தைத்ததுபோல் பிடித்திருக்கும் சின்னத் தசை மல்டிஃபிடஸ். இது பெரிய சுமையைத் தூக்காது. எலும்பு இடம் பிசகாமல் காவல் காக்கும்.

இப்போது என் அரிசி மூட்டைக் கணக்கு. மூட்டை 25 கிலோ. முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்திருந்தேன். முதுகைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் தசையோ எலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஏற்றப் பலகையில் ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை என்றால் என்ன ஆகும்? 25 கிலோவுக்கு எதிராகத் தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். என் உடம்பின் பாரம் தனி. அதே மூட்டையை நெஞ்சோடு அணைத்து 20 சென்டிமீட்டருக்குள் கொண்டு வந்திருந்தால் 100 கிலோ போதும். மூட்டை அதேதான், தூரம் மட்டும் பாதி.

பீடி சுற்றும் சகோதரிகளுக்கு இன்னொரு விஷயம். "நான் எதையும் தூக்குவதில்லையே, உட்கார்ந்துதானே இருக்கிறேன்" என்று ஒரு மாமி என்னிடம் கேட்டார். முன்பக்கம் முழுக்கக் குனிந்துவிட்டால் இரெக்டர் தசை தன் வேலையை நிறுத்திவிடுகிறது. பாரம் முழுவதும் எலும்புகளைப் பிணைக்கும் நாண்களில் தொங்குகிறது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு கூனிக் குறுகி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த நாண்கள் மெல்ல மெல்ல நீண்டுகொடுக்கின்றன. உடனே எழுந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது பிடித்துக்கொள்கிறது. குற்றம் குடத்தின் மேல் போகிறது! அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நடை நடங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, அடியில் ஒரு மணைப் பலகை போட்டு உட்காருங்கள். கூலி எண்ணிக்கைக்குத்தான், எழுந்தால் நஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ருகூஉவைப் பற்றிப் பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். குனிந்து கையை முழங்காலில் ஊன்றும்போது மேலுடம்பின் பாரத்தில் ஒரு பங்கு கை வழியாகக் காலுக்கு இறங்கிவிடுகிறது. கையைச் சும்மா தொடவிட்டால் எல்லாம் முதுகில்தான். அழுத்தி ஊன்றுங்கள். முடியாதவருக்கு உட்கார்ந்து தொழ அனுமதி இருக்கிறது. அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம்.

இனி, படுத்த கதை. 1986-ல் அமெரிக்காவில் முதுகுவலிக்காரர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை இரண்டு நாளும் மற்றதை ஏழு நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். ஏழு நாள் சொல்லப்பட்டவர்களுக்குக் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகாத நாள்தான் கூடியது. 1996-ல் ஆஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள். வலி வந்த பக்கத்து மல்டிஃபிடஸ் சுருங்கிவிடுகிறது. வலி போன பிறகும், பயிற்சி செய்யாதவர்களுக்கு அது தானாகப் பழைய அளவுக்கு வருவதில்லை. ஆறு மாதத்தில் அதே வீட்டு மனு மறுபடி வருவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெல்ட் அந்தத் தசையை வளர்க்காது.

எனக்குப் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சி எளிது. இரண்டு கை, இரண்டு முழங்கால் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி ஐந்து எண்ணுவது. பிறகு மாற்றிச் செய்வது. பேரப்பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும். வலி கடுமையாக இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

ஆனால் எல்லா வலியும் தசை வலி அல்ல. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தானாகப் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் தளர்ந்தாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். வாரக்கணக்கில் வலி, கூடவே சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்றால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். சுளுக்கு என்று மிதிக்கச் சொல்லாதீர்கள். மிதித்துப் பார்த்தே நாலு மாதம் போன ஒரு பிள்ளையின் மனு என் கையில் இருக்கிறது. காசநோய் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். நம்மிடம் மனு எழுதக்கூடத் தேவையில்லை.

நிர்வாகக் குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வரும் ரமலானில் ஒரு குடும்பத்துக்கு 25 கிலோ மூட்டையாகக் கொடுக்காமல், ஐந்து கிலோ பைகளாக ஐந்து கொடுப்போம். பைச் செலவு கொஞ்சம் கூடும். தனியாக இருக்கும் தாய்மார்கள் பெயரைக் கொடுத்தால் தம்பிகள் வீட்டுக்கே கொண்டு வருவார்கள். பெயர் கொடுக்க அலுவலகத்தில் அஸருக்குப் பிறகு ஆள் இருக்கும்.