உருமாலும் ஒரு நிழற்படமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மலரில் சேர்ப்பதற்காக நம் கூட்டங்களின் பழைய படங்களை நண்பர்கள் திரட்டிக்கொண்டிருந்தபோது, அவிநாசிப் பக்கத்தில் என் அப்புச்சி வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு படம் என் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு படத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தலையில் சூடுவது அடையாளம் என்பது தமிழர்க்குப் புதிதன்று. சேரர்க்குப் பனம்பூ, பாண்டியர்க்கு வேம்பு, சோழர்க்கு ஆத்தி என்று போர்க்களத்தில் வேந்தர் சூடும் பூவைத் தொல்காப்பியம் சுட்டுவதை நாம் அறிவோம். பூ போய்த் துணி வந்தது. துணிக்குப் பின் தொப்பியும் வந்தது. அடையாளம் மட்டும் மாறவில்லை.

நான் சொல்லும் படம் 1938ஆம் ஆண்டு வீட்டு வாசலில் எடுக்கப்பட்டது. நடு நாற்காலியில் என் பூட்டனார் உருமால் கட்டி அமர்ந்திருக்கிறார். பாரசீகத்தில் முகம் துடைக்கும் துணியைக் குறித்த 'ரூமால்' என்னும் சொல், நம் பக்கம் வந்து உருமாலாகித் தலைக்கு ஏறிவிட்டது. கொங்கு வேளாளர் திருமணத்தில் மணமகனுக்கு உருமால் கட்டுவது ஒரு சீராகவே நடைபெறுகிறது. ஒருவன் குடும்பத்தலைவனாகத் தகுதி பெற்றான் என்று ஊருக்கு அறிவிக்கும் துணி அது.

அவருக்கு வலப்புறம் அவர் தம்பி. வால்பாறைத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதியவர். தலையில் சோலாத் தொப்பி. இந்நாட்டு வெயில் தங்கள் மூளையைத் தாக்கிவிடும் என்று அஞ்சிய வெள்ளையர் அணிந்த தொப்பி அது. ஆயினும் அதன் உள்ளீடு நம் நீர்நிலைகளில் வளரும் நெட்டிதான். அந்த நெட்டியைச் செதுக்கித் தஞ்சைக் கைவினைஞர்கள் கோயில் உருவங்கள் செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிறந்தது முதல் கொங்கு வெயிலிலேயே வளர்ந்த என் சின்னப்பூட்டனாருக்கு அத்தொப்பி எதற்கு? வெயிலுக்காக அவர் அதை அணியவில்லை என்பது படத்தைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

இடப்புறம் அப்புச்சியின் அண்ணன், காந்திக் குல்லாயுடன் நிற்கிறார். திருப்பூர்க் குமரன் தடியடிபட்டு 1932 சனவரி 11இல் உயிர் நீத்தபின் நம் பகுதியில் அக்குல்லாய்க்கு வந்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அக்குல்லாய்க்குத் தம் பெயரைத் தந்த காந்தியடிகளோ, ஏழைகளின் உடையே தம் உடை எனத் தேர்ந்து, 1921 செப்டம்பரில் நம் மதுரையில் அதைக் களைந்துவிட்டார். தலைவர் களைந்த பின்னும் தொண்டர்கள் அணிந்தார்கள்.

பெண்கள் யாரும் படத்தில் இல்லை. கதவிடுக்கில் ஒரு சேலை நுனி மட்டும் தெரிகிறது.

இந்த மூன்று தலைகளையும் வைத்து வகுப்பில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். மரபு, அந்நியம், தேசியம் என்று அழகாக வரிசைப்படுத்தியும் இருக்கிறேன். ஒருநாள் படத்தையே வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். முதலாண்டு மாணவி ஒருத்தி படத்தின் ஓரத்தில் விரல் வைத்து, "இவரு யாருங்கம்மா? துண்டைக் கக்கத்துல இடுக்கிட்டு நிக்கறாரே?" என்று கேட்டாள்.

அங்கே ஒரு மனிதர் நிற்கிறார். மாட்டின் கயிறு ஒரு கையில். தலையில் ஒன்றுமில்லை. தலையில் இருந்திருக்க வேண்டிய துணி கக்கத்தில் இருக்கிறது. ஆண்டை முன் தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும், தோளில் போட்டிருந்தால் இறக்க வேண்டும் என்பது அன்றைய ஊர் வழக்கம். அதை நான் நூல்களில் படித்தவள், பாடமாக நடத்தியவள். என் வீட்டுச் சுவரில் அதைக் கண்டதில்லை.

மாணவி மேலும் ஒன்று சொன்னாள்: "எங்க தாத்தாவுக்குப் படமே இல்லைங்கம்மா. இவரு மாதிரிதான் நின்னிருப்பாருன்னு நெனச்சுக்கறேன்."

அவர் பெயர் அறிய வேண்டி, தொண்ணூறைக் கடந்த என் அம்மாயியிடம் சென்றேன். "அவனா? நம்ம பண்ணையத்து ஆளு கண்ணு. கவலை ஓட்டறப்பப் பாடுனான்னா ஊரே கேக்கும். பேரு... நெனப்பு வரமாட்டேங்குதே" என்றார். படத்திலுள்ள மற்றவர் பெயர்களையும் அவரவர்க்குச் சீராக வந்த மாடுகளின் பெயர்களையும் அம்மாயி பிழையின்றிச் சொன்னார். பூட்டனாரின் உருமாலில் சிவப்புக் கரை ஓடியது என்பதுகூட நினைவிருந்தது.

படத்தில் அக்கரை கறுப்பாகத்தான் இருக்கிறது. அக்காலத்துப் படத்தகடுகள் பலவும் சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பு அவற்றில் கறுப்பாகவே பதியும். தகட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. உணரும்படி ஆக்கப்பட்டதை மட்டுமே அது உணர்ந்தது. நானும் அப்படியொரு தகடாக இருந்திருக்கிறேன் என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் புரட்டினேன். கொங்கு நாட்டுப்புறப் பாடல்கள் பற்றிய ஆய்வு அது. பின்னிணைப்பில், கவலை ஏற்றி நீர் இறைத்தோர் பாடிய பாடல்கள் இருக்கின்றன. பாட்டின் சந்தம் குறித்திருக்கிறேன். வட்டார வழக்குக்குப் பொருள் எழுதியிருக்கிறேன். பாடியவர் என்னுமிடத்தில் சில பாடல்களுக்கு 'பண்ணையாள், முதியவர்' என்று மட்டும் உள்ளது. அவர்கள் என் எதிரே அமர்ந்து பாடியவர்கள். பெயர் கேட்க ஒரு நொடி போதும். நான் கேட்கவில்லை. ஆய்வேட்டின் முகப்பில் என் பெயர் பட்டத்துடன் பொறிக்கப்பட்டிருக்கிறது. அம்மாயியின் மறதிக்கு வயதைக் காரணம் சொல்லலாம். என் மறதிக்கு எதைச் சொல்வது?

விட்ட பெயர்களைத் தேடி அவ்வூர்களுக்கு மீண்டும் சென்றேன். சில பெயர்கள் பேரப்பிள்ளைகளின் வாய்வழிக் கிடைத்தன. ஆய்வேட்டின் என் படியில் அவற்றை மையால் எழுதிவைத்திருக்கிறேன். பிறவற்றுக்கு இடம் காலியாகவே இருக்கிறது. அப்புச்சி வீட்டுப் படத்தின் பின்புறத்திலும் பெயர்களை எழுதினேன். ஓரத்தில் நிற்பவருக்கு 'பெயர் கேட்டறியப்படாதவர், பாடகர்' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை.

கவிஞர் பெருமக்களே, பழைய படங்களைக் கண்டு ஏங்கும் கவிதைகளை நாம் நிறைய எழுதிவிட்டோம். அப்பனின் தலைப்பாகை, பாட்டனின் மீசை, மாமனின் தொப்பி எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பாசம் பொய்யன்று, எனக்கும் உண்டு. ஆயினும் தலைப்பாகையைப் பாடுமுன் அருகில் யார் தலை வெறுமையாக இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுவோம். துண்டைத் தோளில் இட்டு நடக்கும் உரிமைக்குக்கூடப் போராட வேண்டியிருந்த தமிழகம் இது. 1925இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கிய பெரியார் பிறந்த ஈரோடும் நமக்குத் தொலைவில் இல்லை.

இறுதியாக, மலர்க் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். நம் பத்தாண்டுக் கூட்டப் படங்களின் கீழே தலைவர், சிறப்புரையாளர் பெயர்கள் வரிசையாக அச்சாகவிருக்கின்றன. பல படங்களில் பின்புறம் தேநீர்த் தட்டுடன் ஒருவர் நிற்கிறார். நாற்காலிகளை அடுக்கும் ஓர் அம்மையாரும் இருக்கிறார். அவர்கள் இன்றும் இந்த அரங்கின் வாயிலில்தான் இருக்கிறார்கள். மலர் அச்சுக்குச் செல்லுமுன் அவர்கள் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் நேரமிருக்கிறது.