“வேலையில ஒரு குறையும் இல்ல, ஆனா…”: வீட்டிலிருந்து வேலை, நகராத ப்ரமோஷன்

சம்பள உயர்வு கேட்கிறதைப் பத்தி முன்னாடி ஒரு எபிசோட் பேசியிருந்தோம். அதுக்கு வந்த வாய்ஸ் நோட்ஸ்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. “நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். ரேட்டிங் நல்லா வருது. ப்ரமோஷன் மட்டும் வரல. என்ன பண்றது?” இதுக்கு நான் வெளியில நின்னு பதில் சொல்ல முடியாது. ஏன்னா நானும் அதே வரிசையில நிக்கிற ஆள்தான்.

என் நிலைமையைச் சுருக்கமா சொல்லிடறேன். ஆபீஸ் சென்னையில, ஓ.எம்.ஆர்ல. நான் இருக்கிறது மதுரையில. அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணி ஸ்லாட். ஒரு தடவை உட்கார்ந்தா நாலு மணி நேரம் ஆகும். அதுக்கப்புறம் அன்னைக்கு முழுக்க அவரால எந்திரிச்சு நடமாட முடியாது. ஹெச்.ஆர். எனக்கு முழு ரிமோட்டுக்கு அனுமதி லெட்டர் கொடுத்திருக்காங்க. அந்த மூணு நாளும் பதினொரு மணிக்கு லாகின் பண்ணி ராத்திரி எட்டு வரைக்கும் இருப்பேன். ரெண்டு வருஷமா இப்படித்தான் ஓடுது. ஒரு ரிலீஸ் கூட என்னால தள்ளிப் போனதில்ல.

ரெண்டு அப்ரைசல் சைக்கிள் போச்சு. ரெண்டாவது தடவை லீட் ஆனது நான் ட்ரெயினிங் கொடுத்த பையன். நல்ல பையன், அவன் மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அக்கான்னுதான் கூப்பிடுவான். ப்ரமோஷன் வந்த அன்னைக்கு முதல் போன் எனக்குத்தான் பண்ணான். “அக்கா, இது உங்களுக்கு வரவேண்டியது”ன்னு சொன்னான். அதுதான் ரொம்ப வலிச்சது. அவனுக்கே தெரியுது, இல்லையா?

மேனேஜர் கிட்ட கேட்டேன். “உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா லீடுன்னா ஃப்ளோர்ல இருக்கணும்ல?”ன்னார். இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். எங்க டீம்ல பாதிப் பேர் புனேயில, க்ளையன்ட் நெதர்லாந்துல. ஃப்ளோர்ல இருக்கிற லீடும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு டீம்ஸ் கால்லதான் இருக்கார். டீ குடிக்கப் போறது மட்டும்தான் நேர்ல நடக்குது.

ஆனா அந்த டீயைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. பெரிய கம்பெனிகள்ல ப்ரமோஷனை உங்க மேனேஜர் ஒருத்தர் மட்டும் முடிவு பண்றதில்ல. ஏழெட்டு மேனேஜர்கள் ஒரு ரூம்ல உட்கார்ந்து பேர்களை வரிசைப்படுத்துவாங்க. இருக்கிற இடம் நாலு, பேர் பதினைஞ்சு. உங்க பேர் வரும்போது உங்க மேனேஜர் பேசுவார். மத்தவங்க என்ன செய்வாங்க? “ஆமா, அந்தப் பொண்ணு நல்லா பண்ணும்”னு ஒருத்தராவது தலையாட்டணும். கேன்டீன்ல, லிஃப்ட்ல, சாயங்கால டீக்கடையில உங்களைப் பார்த்தவங்களுக்குத்தான் அந்தத் தலையாட்டல் வரும். பார்க்காதவங்க உங்களுக்கு எதிரா எதுவும் பேச மாட்டாங்க. அமைதியா இருப்பாங்க. அந்த அமைதியிலேயே உங்க பேர் கீழே இறங்கிடும்.

இது நம்ம மனப்பிரமை இல்ல, அளந்து பார்த்திருக்காங்க. ஷாங்காய்ல சிட்ரிப்னு ஒரு பயண கம்பெனி. ஸ்டான்ஃபோர்டு பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் ப்ளூமும் அவரோட குழுவும் 2010 கடைசியில அவங்க கால் சென்டர்ல ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க. விருப்பப்பட்டவங்கள்ல பிறந்த தேதி இரட்டைப்படையா இருந்தவங்க வாரம் நாலு நாள் வீட்டிலிருந்து வேலை, ஒற்றைப்படைன்னா ஆபீஸ். ஒன்பது மாசம் நடந்தது. வீட்டிலிருந்தவங்க வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. வேலையை விட்டுப் போறவங்க எண்ணிக்கை பாதியா குறைஞ்சது. ஆனா அதே அளவு நல்லா வேலை செஞ்சவங்களை ஒப்பிட்டுப் பார்த்தா, வீட்டிலிருந்தவங்களுக்கு ப்ரமோஷன் கிடைக்கிற வாய்ப்பு குறைஞ்சிருந்தது. அதாவது கூடுதலா உழைச்சதோட பலன் கம்பெனிக்குப் போயிடுச்சு, நாற்காலி ஆபீஸ்ல இருந்தவங்களுக்குப் போயிடுச்சு.

அதே ப்ளூம், அதே கம்பெனியில, பேர் ட்ரிப்.காம்னு மாறினதுக்கு அப்புறம், இன்னொரு சோதனை செஞ்சார். 2024-ல ‘நேச்சர்’ இதழ்ல வந்தது. இந்தத் தடவை 1,612 பேர். இன்ஜினியர்கள், மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் ஆட்கள். வீட்டிலிருந்து ரெண்டு நாள் மட்டும், மீதி ஆபீஸ். அடுத்த ரெண்டு வருஷத்துக்கு ரேட்டிங்லயும் வித்தியாசம் இல்ல, ப்ரமோஷன்லயும் வித்தியாசம் இல்ல. ஸோ, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவங்களுக்குத் திறமை குறைஞ்சு போறதில்ல. அவங்க முகம் ரொம்ப நாள் தெரியாம போறதுதான் ப்ரமோஷன்ல இடிக்குதுன்னு நான் புரிஞ்சுக்கிறேன்.

சில கம்பெனிகள் இதை மறைக்கிறதும் இல்ல. 2024 ஆரம்பத்துல டெல் கம்பெனி ஊழியர்கள் கிட்ட ஹைப்ரிட்டா, ரிமோட்டா, ஒண்ணைத் தேர்ந்தெடுங்கன்னு கேட்டது. ரிமோட் எடுத்தா ப்ரமோஷன் பரிசீலனை கிடையாதுன்னு சொன்னதா செய்தி வந்தது. எல்லாரும் திட்டினாங்க. எனக்கு அதுல ஒரு சின்ன பொறாமைகூட உண்டு. அவங்களுக்கு நேரடியா சொன்னாங்களே! எனக்கு “அடுத்த சைக்கிள் பார்ப்போம்”னுதான் சொன்னாங்க. அந்த வார்த்தையை நம்பி ஒரு வருஷம் ஓடிப் போகும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சிலர் கேட்டீங்க. ரொம்ப எதிர்பார்க்காதீங்க. 2017-ல திருத்தின மகப்பேறு நலச் சட்டத்துல, விடுப்பு முடிஞ்சதும் வேலையோட தன்மை இடம் கொடுத்தா, ரெண்டு தரப்பும் பேசி ஒத்துக்கிட்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நியாயமான வசதி செய்து தர மறுக்கிறதையே பாகுபாடுன்னு சொல்லுது. உங்களுக்கே உடல்நிலை காரணமா ரிமோட் தேவைப்படுதுன்னா அதை ஒரு வக்கீல் கிட்ட காட்டிக் கேட்கிறது நல்லது. ஆனா என்னை மாதிரி அப்பா அம்மாவைப் பார்த்துக்கிறவங்க இந்த ரெண்டுலயும் வர மாட்டோம். நமக்குக் கம்பெனியோட பாலிசிதான் எல்லாம்.

அதனால நான் செஞ்சது இதுதான். மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டேன். கோபமா எதுவும் எழுதல. “லீட் ரோல்ல எந்தெந்த வேலையை மதுரையிலிருந்து செய்ய முடியாதுன்னு நினைக்கிறீங்க? லிஸ்ட் பண்ணித் தாங்க”ன்னு ஒரே கேள்வி. பத்து நாள் கழிச்சு நாலு பாயின்ட் வந்தது. ரெண்டு நியாயமானது. புதுசா சேர்றவங்களோட முதல் சில வாரம் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கணும். க்ளையன்ட் நேர்ல வரும்போது லீட் அங்க இருக்கணும். சரின்னு ஒத்துக்கிட்டேன். அந்த நாட்கள்ல சித்தப்பா அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார், ஞாயிறு ராத்திரி பஸ் ஏறி வந்துடறேன்னு எழுதினேன். மீதி ரெண்டு பாயின்ட் “ஓனர்ஷிப்”, “அவைலபிளிட்டி”. இதுக்கு உதாரணம் கேட்டேன். உதாரணம் வரல.

இந்த மெயில் மேல போய், கடைசியில ஹெச்.ஆர். கிட்டயிருந்து பதில் வந்தது. முழு ரிமோட் அனுமதியில இருக்கிறவங்களை லீட் பதவிக்குப் பரிசீலிக்க முடியாது, பாலிசி மாறினா தெரிவிப்போம். அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி நல்லா அழுதேன். ஆனா காலையில ஒரு நிம்மதியும் இருந்தது. ரெண்டு வருஷமா ‘நான் போதாதோ’ன்னு என்னையே குடைஞ்சுக்கிட்டு இருந்தேன் பாருங்க, அந்தக் கேள்வி முடிஞ்சு போச்சு. என்ன தடையா இருக்குன்னு எழுத்துல கைக்கு வந்துடுச்சு.

அதுக்கப்புறம் ஒண்ணு பண்ணேன், இதைச் சில பேர் ஒத்துக்க மாட்டீங்க. பேர் மட்டும் இல்லாம நான் பார்த்துக்கிட்டிருந்த லீட் வேலை எல்லாத்தையும் மேனேஜர் கிட்ட எடுத்துச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். மத்தவங்க கோடை ரிவ்யூ பண்றது, ராத்திரி எஸ்கலேஷன் கால், புதுசா வந்தவங்களுக்குப் பாடம் எடுக்கிறது எல்லாம். “இதெல்லாம் லீட் செய்யற வேலை. எனக்கு அந்தப் பதவிக்குத் தகுதி இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. இனிமே என் ரோலுக்கு உள்ள வேலையை முழுசா செய்யறேன்”னு சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறிச்சு. ஆனா மறுத்துப் பேச அவர் கிட்ட எதுவும் இல்ல. அந்தப் பையனுக்கு மட்டும் போன் பண்ணி, சந்தேகம்னா என்னைக் கூப்பிடு, ஆனா ஆறு மணிக்கு மேல வேண்டாம்னு சொல்லி வெச்சேன்.

இப்போ வெளியில வேலை தேடறேன். இன்டர்வியூ முடிவுல “எங்க கிட்ட ஏதாவது கேட்கணுமா?”ன்னு கேட்பாங்க இல்ல? அப்போ நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. “முழு ரிமோட்ல இருக்கிற ஒருத்தரைக் கடைசியா எப்போ ப்ரமோட் பண்ணீங்க?” நாங்க ரிமோட் ஃப்ரெண்ட்லின்னு விளம்பரம் போட்டிருந்த ஒரு இடத்துல கொஞ்ச நேரம் சத்தமே வரல, நெட் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். இன்னொரு இடத்துல அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, “என்னைத்தான், போன வருஷம். நான் கோயம்புத்தூர்ல இருக்கேன்”னாங்க. அங்க அடுத்த வாரம் ரெண்டாவது ரவுண்டு.

உங்க கம்பெனியில இதே கேள்வியைக் கேட்டா என்ன பதில் வருதுன்னு வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. கம்பெனி பேர் வேண்டாம், பதில் மட்டும் போதும்.