ஓய்வுக்காலக் குடியிருப்பு



பெங்களூரிலும் புனேயிலும் முதியோருக்கென்று எழுந்துள்ள குடியிருப்புகளைப் பற்றி நம் ரயில்வே காலனியில் விசாரணை மிகுந்திருக்கிறது. ஓய்வு பெற்றபின் நான்கு மாதத்துக்கு மேல் பழைய வாடகையில் குவார்ட்டர்ஸில் இருக்க இயலாதன்றோ?

பூங்காவும் பஜனை மண்டபமும் கண்ணைக் கவரும். ஆயினும் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். வீட்டைக் கிரயம் செய்து தருகிறார்களா, அன்றி முன்பணம் பெற்று வாழ்நாள் வரை வசிக்க மட்டும் இடமளிக்கிறார்களா? மாதக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும்?

பழைய திட்டத்தில் முழுப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி. கணவர் காலத்துக்குப்பின் குடும்ப பென்ஷன் நாளடைவில் அச்சம்பளத்தில் 30 சதவீதமாகிவிடுகிறது. கட்டணமோ அவ்வாறு குறைவதில்லை. அத்தொகையைக் கொண்டு துணைவியார் அங்கேயே வாழ இயலுமா? இதை அலுவலகத்தாரிடம் அன்று, அங்குத் தனித்து வாழும் தாய்மார்களிடம் கேளுங்கள்.