எப்போதும் கெட்டிமேளம்



நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் திருமணங்களுக்கு நீங்கள் சென்றிருப்பீர்கள். முகூர்த்தத்திற்கு முன்னர் நாகசுரக்காரர் ஓரமாக அமர்ந்து ஏதேனும் ஓர் இராகத்தை நிதானமாக வாசித்துக்கொண்டிருப்பார். தவில்காரர் அளவாகத் தட்டிக்கொண்டிருப்பார். உறவினரின் பேச்சும் குழந்தைகளின் அழுகையும் அதனூடே கேட்கும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் புரோகிதர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்பார். அக்கணமே தவில் முழங்கும், நாகசுரம் ஓங்கும். பந்தியில் இலையின் முன் அமர்ந்திருப்பவர்கூடத் தாலி கட்டுகிறார்கள் என்று அறிந்துகொள்வார். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை; காதே சொல்லிவிடும்.

விடியற்காலை ஐந்து மணி முதல் கெட்டிமேளமே வாசித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? தவில்காரரின் கை ஓய்ந்துபோகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தாலி கட்டும் நேரத்திற்கென்று அவரிடம் ஒலியே எஞ்சியிராது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீடியோ விளையாட்டுகளின் இசை. அறுபதைக் கடந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் சிரிக்கலாம். என் பேரன்தான் காரணம். சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள், "தாத்தா, இதன் பாட்டைக் கேளுங்கள்" என்று கைப்பேசியின் ஒலிக்குழலை என் காதில் செருகினான். திரையில் ஒரு காடு. வீரன் தனியே நடந்து செல்கிறான். பிறகு பகைவர் சூழ்கின்றனர். பெரும் போர் மூள்கிறது. கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு. காதுக்கோ இரண்டும் ஒன்றே. காட்டின் அமைதிக்கென்று அமைத்த குழலிசையும் போருக்கென்று அமைத்த முரசொலியும் ஒரே உரப்பில் காதை அடைத்தன. கண்ணை மூடிக்கொண்டு, போர் எப்போது தொடங்கியது என்று சொல்லப் பார்த்தேன், என்னால் இயலவில்லை. ஐந்து நிமிடத்தில் தலை வலித்தது.

இசை அமைத்தவர் அவ்வாறு அமைத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டதையே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

ஓர் இசையின் மிக மெல்லிய இடத்திற்கும் மிக உரத்த இடத்திற்கும் உள்ள தொலைவை ஒலியின் ஏற்றத்தாழ்வு வீச்சு எனலாம். இதனை மந்தரம், மத்தியம், தாரம் என்பவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை சுரத்தின் உயரத்தைக் குறிப்பன. நான் சொல்வது சன்னமும் உரப்பும் பற்றியது. இத்தொலைவை டெசிபல் என்னும் அளவால் குறிக்கிறார்கள். ஆறு டெசிபல் ஏறினால் ஒலி அலையின் வீச்சு இரு மடங்காகும். 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒவ்வொரு ஒலித்துளியும் 65,536 படிகளுள் ஒன்றில் பதியப்படுகிறது. அதன் வீச்சு ஏறத்தாழ 96 டெசிபல். ஆனால் அதற்குக் கூரை உண்டு. உச்சிப் படிக்குமேல் ஒன்றும் இல்லை. அதைத் தாண்டும் அலையின் தலை வெட்டுண்டு, கரகரவென்ற ஓசையாகிவிடும்.

கூரையை உயர்த்த முடியாது. ஆனாலும் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும். என்ன செய்வது? தரையை உயர்த்துகிறார்கள். பாட்டு வெளியாவதற்கு முன் நடைபெறும் இறுதிச் சீரமைப்புக்கு மாஸ்டரிங் என்று பெயர். அப்போது கம்பிரசர், லிமிட்டர் என்னும் கருவிகளால் ஓங்கிய இடங்களை அமுக்கி, பிறகு மொத்தத்தையும் கூரையை முட்டும்வரை மேலே தூக்குகிறார்கள். மெல்லியவை உரத்தவற்றின் பக்கத்தில் வந்து நின்றுவிடுகின்றன. ஏரியின் அலைபோல் இருந்த ஒலி, திரையில் வரைந்து பார்த்தால், செங்கற்சுவர்போல் தெரியும்.

இப்படிச் செய்வோர் இசை அறியாதவர் அல்லர். நம் காதின் பலவீனத்தை நன்கு அறிந்தவர்கள். 1933இல் அமெரிக்காவில் ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர், ஒலி குறைந்திருக்கும்போது கனத்த ஓசைகள் நம் காதுக்கு எடுபடுவதில்லை என்று அளந்து காட்டினர். ஆகவே ஒரே பாட்டைச் சற்று உரக்க ஒலித்தால் அது செழுமையாகவும் மேலானதாகவும் தோன்றும். விற்பவருக்கு இது போதாதா? பக்கத்துக் கடைக்காரரைவிட உரக்க, அவர் அதைவிட உரக்க என்று போட்டி வளர்ந்தது. மேனாட்டார் இதனை ஒலிப்போர் என்றே அழைத்தனர். நம் ஊர்த் திருவிழாவில் எதிரெதிரே பந்தல் போட்ட இரு மைக் செட்டுக்காரர்களைப் பார்த்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. வீடியோ விளையாட்டின் இசை மிக ஏழ்மையில் பிறந்தது. 1978இல் ஜப்பானில் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் நான்கே கனத்த ஓசைகள் திரும்பத் திரும்ப வரும்; பகைவர் குறையக் குறைய அவற்றின் விரைவு கூடும். அதிலேயே ஆடுபவரின் நெஞ்சு படபடக்கும். 1983இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட பொறியில் ஐந்து ஒலித்தடங்களே இருந்தன. மெட்டு வாசிக்கும் இரு தடங்களுக்கும் பதினாறு ஒலிப்படிகளே உண்டு. பெரும்பாலும் கனத்த சுரங்களுக்குப் பயன்பட்ட மற்றொரு தடத்திற்கோ ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வழியே கிடையாது. ஒலிக்கும், அல்லது நிற்கும். அந்தப் பதினாறு படிகளைக்கொண்டே இசையமைப்பாளர்கள் ஒரு சுரத்தை ஒரு தடத்தில் உரக்க ஒலித்து, சற்றுப் பின்னர் மறு தடத்தில் அதையே மெல்ல ஒலித்து, குகையின் எதிரொலியை உண்டாக்கினார்கள். பதினாறு படி இருந்தவர் பதினாறிலும் ஏறி இறங்கினார். 65,536 படி கிடைத்தவர் உச்சியை ஒட்டிய படிகளிலேயே நின்றுகொண்டு கூவுகிறார். செல்வம் வந்த வீட்டில் இவ்வாறு நடப்பதை நாம் வேறு துறைகளிலும் பார்த்திருக்கிறோம்.

2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்க வயது போதாது. மெட்டாலிகா என்னும் அமெரிக்க இசைக்குழு டெத் மேக்னெடிக் என்ற தொகுப்பை வெளியிட்டது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ என்னும் விளையாட்டிலும் வெளிவந்தன. இரண்டையும் கேட்ட இளைஞர்கள் திடுக்கிட்டனர். காசு கொடுத்து வாங்கிய குறுந்தகட்டில் ஒலி நசுங்கிக் கரகரத்தது. விளையாட்டில் அதே பாட்டு தெளிவாக, மூச்சுவிட இடம் கொண்டு ஒலித்தது. அவ்விளையாட்டில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே கேட்க வேண்டும் ஆதலால், இறுதியாக நசுக்கப்படுவதற்கு முன்னிருந்த ஒலித்தடங்கள் அதற்குச் சென்றிருந்தன. ஆயிரக்கணக்கான இரசிகர்கள், தொகுப்பைத் திருத்தி வெளியிடுமாறு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனோ, தம்மிடம் வந்தபோதே ஒலி அந்நிலையில்தான் இருந்தது என்று கூறினார். பெரியோர் கேட்கும் தகட்டைவிடப் பிள்ளைகள் ஆடும் பொம்மையில் இசை நன்றாக இருந்தது என்பதை நான் மிகவும் இரசித்தேன்.

நசுக்குவது எல்லாம் குற்றம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் அமர்ந்து, சன்னமான ஆலாபனை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் இரைச்சலில் பாதி போய்விடும். அங்கே ஓரளவு நெருக்கம் வேண்டும். வானொலியும் தன் ஒலியை அளவாக நெருக்கியே அனுப்புகிறது. இல்லையேல் என் பேச்சின் கடைச்சொற்கள் உங்களை வந்து சேரா. விளையாட்டுகள் பலவற்றின் அமைப்புப் பக்கத்தில் பெரிய ஒலிபெருக்கிக்கு ஒன்று, இரவு நேரத்திற்கு ஒன்று என்று வீச்சைத் தேர்ந்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அது நேர்மையான முறை. கேட்பவரின் இடத்தைக் கேட்பவரே அறிவார். மூலத்திலேயே நசுக்கி அனுப்பினால், கேட்பவர் எந்தத் திருகைத் திருகினாலும் இழந்தது மீளாது.

உலகம் இதற்கு ஓர் அளவுகோலையும் வகுத்திருக்கிறது. உச்சியை மட்டும் அளக்காமல், மனிதக் காது உணரும் உரப்பையே அளக்கும் முறையை 2006இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்டது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம், நிகழ்ச்சிகளின் சராசரி உரப்பு உச்சிக்கு 23 அலகு கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் தொலைக்காட்சி விளம்பரங்களின் கூச்சலைத் தடுக்க அவ்வாண்டே சட்டம் பிறந்தது. இணையத்தில் பாட்டு வழங்கும் பெருநிறுவனங்கள் மிக உரத்த பாட்டைத் தாமே தணித்து ஒலிக்கின்றன. ஆதலின் நசுக்கியவருக்கு இப்போது உரப்பும் மிஞ்சவில்லை, உயிரும் மிஞ்சவில்லை.

தமிழ் விளையாட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரில் உருவாகி 2023இல் வெளிவந்தது வெண்பா. 1980களில் அந்நாட்டில் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை அது. அவள் பெயரே விளையாட்டின் பெயர். போரும் இல்லை, வெட்டும் இல்லை. இட்லி அவிப்பதும் குழம்பு வைப்பதுமே ஆட்டம். பேரன் அதை எனக்கு ஆடிக் காட்டினான். தாயும் மகனும் பேசும் இடம் அடங்கியிருக்கிறது. அடுப்படியில் வேலை தொடங்கியதும் பாட்டு எழுகிறது. முன்னிருந்த அடக்கத்தால் அல்லவா அந்தப் பாட்டு இனிக்கிறது!

இனி, என் மனத்தை உறுத்தும் செய்தி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் சில ஆண்டுகள் பணியாற்றினேன். அங்கே எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பாடம் நடக்கும்போதே, "ஐயா, பஸ் கரியாலூர் தாண்டிவிட்டது" என்பான். எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. கால் மணி நேரம் கழித்துப் பேருந்து வந்து நிற்கும். அவ்வளவு கூர்மை அவன் செவிக்கு. படிப்பை முடித்ததும் சமவெளிக்கு இறங்கி, ஒரு மைக் செட்டுக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தான். ஆளுயரப் பெட்டிகளின் பக்கத்திலேயே பல இரவுகள் நின்றிருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் என்னைப் பார்க்க வந்தான். வயது முப்பத்தைந்து இராது. நான் வகுப்பில் பேசும் குரலிலேயே பேசினேன். அவன் காதருகே கையைக் குவித்து, "ஐயா, என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டான். இரவில் காதுக்குள் வண்டு ரீங்கரிப்பதுபோல் இருக்கிறது என்றான்.

உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறத்தாழப் பதினையாயிரமே உண்டு. அவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. 90 டெசிபல் ஆனால் நான்கு மணி நேரம். 100 டெசிபல் ஆனால் இருபதே நிமிடம். மணிக்கணக்கில் ஒலிக்குழலைச் செருகிக்கொண்டு ஆடும் பிள்ளைக்கு, ஏற்ற இறக்கமற்ற இசை இடையில் ஓய்வே தருவதில்லை. ஏறி இறங்கும் இசையிலோ இறங்கும் இடமெல்லாம் காதுக்கு இளைப்பாறுமிடம்.

அந்தப் பையன் வந்துபோன செய்தியைப் பேரனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு தன் விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இசையின் அளவைப் பாதிக்குக் கீழே இறக்கினான். சற்று நேரம் ஆடிவிட்டு, "தாத்தா, பின்னால் யாரோ நடந்து வருவது இப்போதுதான் கேட்கிறது" என்றான். மறுநாள் நண்பர்கள் வந்ததும் பழையபடி ஏற்றிவிட்டான் என்பதையும் உங்களிடம் மறைப்பதற்கில்லை.